கோஷே நோய்: இரு பிள்ளைகளுக்கும் ஒரே மரபணு விகாரம் இருந்தால் நோயும் ஒரே மாதிரி இருக்குமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய் இங்கே கேட்டிருக்கிறார். ஆறு வயது மகளுக்கு, ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதியம் குறைவதால் வரும் பரம்பரை நோயான கோஷே நோய் உறுதியாகியிருக்கிறது. மரபணு அறிக்கையில், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு பிரதிகளிலும் எல்444பி என்ற விகாரம் (மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்) என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன்பின் பரிசோதித்த மூன்று வயது மகனுக்கும் அதே முடிவு வந்திருக்கிறது, ஆனால் அவனிடம் ஒரு குறியும் இல்லை. இந்த விகாரம் மூளையைத் தாக்கும் என்று வாசித்துவிட்டு, மகனும் மகளைப் போலவே ஆகிவிடுவானா என்று கேட்கிறார்.

சகோதரி, நான் வைத்தியர் அல்லன். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன். என் அக்காவின் இரு பிள்ளைகளும் இந்த நோயோடு வளர்ந்தவர்கள் என்பதால், பாடத்திற்காகப் படித்ததை விடப் பல மடங்கு அவர்களுக்காகப் படித்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மகனின் நோய் எந்த எல்லைக்குள் நிற்கக்கூடும் என்பதை அந்த அறிக்கை ஓரளவு சொல்கிறது, அந்த எல்லைக்குள் எப்போது தொடங்கும், எந்த உறுப்பை எவ்வளவு பாதிக்கும் என்பதை அது சொல்வதில்லை.

பிரான்சைச் சேர்ந்த பிலிப் கோஷே என்ற வைத்தியர் 1882இல் இந்த நோயை முதலில் விவரித்தார். ஒரு நொதியத்தின் குறைபாடுதான் காரணம் என்று 1965இல் அமெரிக்காவில் ரொஸ்கோ பிரேடியின் குழு காட்டியது. முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஜிபிஏ1 என்ற மரபணு, 497 அமினோ அமிலங்களால் ஆன குளுக்கோசெரிபுரோசிடேசு என்ற நொதியத்தை ஆக்குவதற்கான குறிப்பைக் கொண்டுள்ளது. முதுமையடைந்த குருதிக் கலங்களை விழுங்கி அகற்றுகின்ற தின்குழியங்களில், அக்கலங்களின் மென்சவ்விலிருந்து வரும் ஒருவகைக் கொழுப்பை உடைப்பது இந்நொதியத்தின் வேலை. அது போதாதபோது கொழுப்பு தின்குழியங்களுக்குள்ளேயே தேங்குகிறது. அவை மண்ணீரல், ஈரல், என்புமச்சை ஆகியவற்றில் நிறைந்து கிடப்பதால் வயிறு வீங்குகிறது, குருதிச்சோகை வருகிறது, குருதிச் சிறுதட்டுகள் குறைந்து இலேசாகப் பட்ட இடமும் கன்றிப்போகிறது, என்புகள் வலிக்கின்றன. எங்கள் பகுதியில் ஒரு தலைமுறைக்கு முன்னர் பிள்ளையின் மண்ணீரல் வீங்கினால் எல்லோரும் மலேரியாவையே நினைத்தார்கள். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், இன்று அத்தகைய வீக்கத்திற்கு வேறு காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

நொதியம் குறைவதற்கும் குறிகள் தோன்றுவதற்கும் இடையே நேர்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதே உங்கள் கேள்வியின் மையம். அம்பாறை வயல்களில் வடிகாலின் ஒரு பகுதி தூர்ந்துபோனாலும், வரும் நீருக்கு எஞ்சிய வழி போதுமாக இருக்கும்வரை வயலில் நீர் தேங்குவதில்லை. அந்த அளவு தாண்டிவிட்டால், வழி சற்றே குறுகினாலும் பயிர் மூழ்கிவிடுகிறது. நொதியமும் அப்படித்தான். ஒரு பிரதியில் மட்டும் விகாரம் இருப்பதால் பாதியளவு நொதியம் உள்ள பெற்றோருக்குக் கோஷே நோய் வருவதில்லை. ஆனால் நோயாளிகள் எல்லோரும் அந்த விளிம்புக்குக் கீழே, மிகச் சிறிய அளவுகளில் ஒருவருக்கொருவர் வேறுபட்டு நிற்கிறார்கள். அந்தச் சிறு வேறுபாடே ஒருவருக்கு எழுபது வயதுவரை தெரியாத நோயாகவும் மற்றவருக்குக் குழந்தைப் பருவத்து நோயாகவும் மாறுகிறது. வெண்குழியங்களில் அளக்கப்படும் நொதியச் செயற்பாடு நோய் உண்டா என்பதை உறுதிசெய்யப் பயன்படுகிறதே தவிர, அது எவ்வளவு கடுமையாகும் என்பதைக் காட்டுவதில்லை. ஆகையால் இரு பிள்ளைகளின் நொதிய எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருந்தாதீர்கள்.

இந்த மரபணுவில் 300க்கும் மேற்பட்ட விகாரங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் என்370எஸ் என்பதில் நொதியம் குறைபாட்டோடு உருவானாலும் ஒரு பகுதி, கலத்தினுள் கழிவுகளை உடைக்கும் சிறு பையான இலைசோசோமைச் சென்றடைந்து வேலை செய்கிறது. இரு பிரதிகளில் ஒன்றிலாவது இவ்விகாரம் இருந்தால், மூளையைப் பாதிக்கும் வகைகள் வருவதில்லை என்றே கொள்ளலாம். இந்நோயில் மரபணு தருகின்ற மிக உறுதியான வாக்கு இதுவே. எல்444பி விகாரத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் வந்துவிடுவதால் புரதம் சரியாக மடிவதில்லை. அதன் பெரும்பகுதி, புரதங்கள் மடிக்கப்படும் இடமான அகமுதலுருச் சிறுவலையிலேயே இனங்காணப்பட்டு அழிக்கப்படுகிறது. இந்தியாவில் ஆராயப்பட்ட நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். இரு பிரதிகளிலும் இது இருப்பவர்களுக்கு மூன்றாம் வகை, அதாவது மெதுவாக நரம்பு மண்டலத்தையும் தொடக்கூடிய வகை, வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த வகைக்குள்ளேயே வேறுபாடு மிகப் பெரிது. சுவீடனின் வடபகுதியான நொர்பொட்டனில் இதே விகாரத்தை இரு பிரதிகளிலும் கொண்ட பல குடும்பங்கள் நெடுங்காலமாக அவதானிக்கப்பட்டு வந்துள்ளன. அங்கே சிலர் சிறு வயதிலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க, வேறு சிலர் வளர்ந்து நடுத்தர வயதையும் கண்டிருக்கிறார்கள். டி409எச் இரு பிரதிகளிலும் இருந்தால் இருதய வால்வுகளில் கல்சியம் படிகிறது. நொதியமே உருவாகாத விகாரங்கள் இரு பிரதிகளிலும் அமைந்தால் சிசு பிறக்கும் வேளையிலேயே தப்புவது அரிது.

அறிக்கையை வாசிக்கும்போது எண்களில் கவனம் தேவை. புதிய முறையில் 39 கூட்டி எழுதுவதால் எல்444பி என்பது எல்483பி ஆகிறது. என்370எஸ் என்பது என்409எஸ் ஆகிறது. பழைய முறையின் டி409எச்சிலும் 409 என்ற எண்ணே இருப்பதால், எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் தேடுபவர் முற்றிலும் வேறு நோய்ப்போக்கை வாசித்து அஞ்சிவிடக்கூடும்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. ஜிபிஏ1 இற்கு மிக அருகில், வேலை செய்யாத, ஆனால் ஏறத்தாழ அதைப் போலவே அமைந்த ஒரு போலி மரபணு இருக்கிறது. சில வேளைகளில் அதன் ஒரு துண்டு உண்மையான மரபணுவுக்குள் கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்த பிரதியிலும் எல்444பி மாற்றம் இருக்கும், அதனோடு வேறு மாற்றங்களும் சேர்ந்திருக்கும், விளைவு மிகவும் கடுமையாக இருக்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கின்ற பரிசோதனை இரண்டையும் ஒன்றாகவே காட்டிவிடும். எனவே முழு மரபணுவும் வாசிக்கப்பட்டதா, பெற்றோர் இருவரிடமும் அந்த விகாரம் தனித்தனியே உறுதிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஒருவரிடம் மட்டுமே அது காணப்பட்டால், இரு பிரதிகளும் ஒன்றே என்ற முடிவை மீளாய்வு செய்ய வேண்டும்.

இனி உடன்பிறப்புகள். என் அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு பிரதி என்370எஸ், மற்றது எல்444பி. மூத்தவளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மண்ணீரல் தொப்புள்வரை இறங்கி, என்பு வலியால் இரவுகள் கழிந்தன. இளையவனுக்குச் சிறுதட்டுகள் சற்றுக் குறைவு என்பதைத் தவிர ஒன்றுமில்லை. மூத்தவளுக்கு நோய் இல்லாதிருந்தால் அவனைப் பரிசோதித்திருக்கவே மாட்டோம். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களிடமும் இந்நோய் வேறு வேறு அளவில் வெளிப்பட்டதை மருத்துவ இலக்கியம் பதிவு செய்திருக்கிறது. நொதியத்தை இலைசோசோமுக்குக் கொண்டுசெல்லும் புரதம், அதைத் தூண்டுகின்ற சபோசின் சி, கலத்தின் புரதம் மடிக்கும் திறன், உடலின் அழற்சி எதிர்வினை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு இருக்கலாம். இரட்டையர்களைப் பார்க்கும்போது, மரபணுக்கள் அனைத்தையும் அறிந்துவிட்டாலும் எஞ்சும் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் கணவர் மாமியின் மகன் என்றும், குடி (குலம்) வேறு என்பதால் குறையில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகக் கணக்கிடுகிறோம். அதனால் மாமா, மாமியின் பிள்ளைகள் வேறு குடியாகிவிடுகிறார்கள். ஆனால் இரு பிரதிகளிலும் இருந்தால்தான் நோயாக வெளிப்படும் இத்தகைய பின்னிடைவான விகாரம் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இறங்கி வருகிறது. நீங்கள் இருவரும் ஒரே பாட்டன் பாட்டியின் வழி வந்தவர்கள். சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் உங்களுக்குப் பொது. இதில் எவர்மீதும் பழி இல்லை. என் அக்காவும் அத்தானும் உறவினரே அல்லர். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு விகாரப் பிரதி இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உங்கள் சகோதரங்கள் தாங்கிகளா, அதாவது நோயின்றி ஒரு விகாரப் பிரதியைச் சுமப்பவர்களா, என்று அறிய விரும்பினால், நொதிய அளவு அதற்குப் போதாது, தாங்கிகளின் அளவும் வழமையானவர்களின் அளவும் ஒன்றன்மேலொன்று படிவதால் மரபணுப் பரிசோதனையே வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனிதப் பிறப்புரிமையியல் அலகிலும் இது பற்றி ஆலோசனை கேட்கலாம்.

மகனைப் பொறுத்தவரை, குறி இல்லாத இக்காலம் மிகவும் பெறுமதியானது. குருதி எண்ணிக்கை, மண்ணீரல், ஈரலின் பருமன், வளர்ச்சி ஆகியவற்றை ஒழுங்காக அளந்து பதிந்து வாருங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாளத்தினூடாகச் செலுத்தப்படும் நொதியம் மண்ணீரலையும் குருதியையும் நன்றாகச் சீராக்கும். மூளைக்குள் அது செல்வதில்லை. ஆகவே நரம்பு சார்ந்த குறிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மூன்றாம் வகையில் பெரும்பாலும் முதலில் மாறுவது கண்ணின் பக்கவாட்டு அசைவு: பக்கத்தில் உள்ளதைப் பார்க்கப் பிள்ளை கண்ணை மட்டும் திருப்பாமல் தலையை வெட்டித் திருப்பும், அல்லது கண்ணை இமைத்த பின்னரே பார்க்கும். அடுத்த கிளினிக்கில் இரு பிள்ளைகளின் கண் அசைவையும் சோதித்து எழுதி வைக்கும்படி கேளுங்கள். மகளிடம் அது தெரிந்தாலும் மகனிடம் தெரியாமல் இருக்கலாம். அதனால் அவனுக்கு அவனுடைய அளவீடுகளையே வைத்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.