கேஸ் பில் ஏன் இவ்வளவு வருகிறது? பிரிட்டன் வீடுகளுக்கு ஒரு குளிர்காலக் கேள்வி பதில்

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் பாய்லர், ரேடியேட்டர் வேலை பார்க்கிறவன் நான். அக்டோபர் பிறந்தால் தெரிந்தவர்கள் எல்லோரும் பில்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். விலையெல்லாம் 2025 கடைசி நிலவரம்: கேஸ் யூனிட்டுக்குச் சுமார் 6 பென்ஸ், கரண்ட் யூனிட்டுக்குச் சுமார் 26 பென்ஸ். உங்கள் பில்லில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், கீழே பாதிக் கணக்கு இதை வைத்துத்தான்.

கேள்வி (ஹாரோ): அண்ணா, எங்களுடையது 1930களில் கட்டிய செமி வீடு. ஹீட்டிங்கை நாள் முழுக்கக் குறைவாக ஓடவிட்டால்தான் செலவு குறையும் என்கிறார் மாமா. வேண்டும்போது மட்டும் போட்டால் போதும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி. மாமாவிடம் என் பெயரை இழுக்க வேண்டாம். உள்ளே எவ்வளவு சூடோ, வெளியே எவ்வளவு குளிரோ, அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப வீடு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் சூடாக வைத்திருந்தால் அந்த நேரத்துக் கசிவுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறீர்கள். ஆறிப்போன வீட்டைத் திரும்பச் சூடாக்க ஆகும் கேஸ் அந்த மிச்சத்தைத் தாண்டாது. எழுவதற்கு அரை மணி முன் போட்டு, படுப்பதற்கு அரை மணி முன் அணையும்படி டைமர் வைத்துவிடுங்கள். ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தைக் கரண்டில் இழுத்து வீட்டுக்குள் தரும் இயந்திரம்) உள்ள வீட்டுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அதை மெதுவாக நீண்ட நேரம் ஓடவிடுவதுதான் முறை.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): காம்பி பாய்லர் (சிலிண்டர் இல்லாமலே ஹீட்டிங்கும் வெந்நீரும் ஒரே பெட்டியில் தருவது) போட்டு ஆறு வருடம் ஆகிறது. புது மாடல், 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று சொல்லி விற்றார்கள். பில்லைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?

பதில்: அந்தத் திறன் வர ஒரு நிபந்தனை இருக்கிறது. விற்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை.

2005க்குப் பிறகு இங்கே பொருத்திய கேஸ் பாய்லர் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகை. புகையோடு வெளியே போகும் நீராவியை உள்ளேயே குளிரவைத்து, அதிலிருக்கும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நீராவி குளிர்ந்து தண்ணீராகும். பல வீடுகளில் பாய்லர் 75, 80 டிகிரியில் தண்ணீரை அனுப்புகிறது. திரும்பி வருவதே 60க்கு மேல்தான். அப்புறம் எங்கே கண்டென்ஸ் ஆவது?

பாய்லர் முகப்பைப் பாருங்கள். குழாய் படம் போட்ட ஒரு குமிழ், ரேடியேட்டர் படம் போட்ட ஒரு குமிழ் இருக்கும். புதிய மாடலில் பொத்தான்களும் சின்னத் திரையும் இருக்கலாம். ரேடியேட்டர் படம் உள்ளதை 60க்கு இறக்குங்கள். இது சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் இல்லை, அதைத் தொட வேண்டாம். இனி ரேடியேட்டர் முன்பு போல் அவ்வளவு சுடாது, வீடு சூடாகச் சற்று நேரம் கூடுதலாகும். கடுங்குளிர் நாளில் சூடு போதவில்லையென்றால் 65 ஆக்கிக்கொள்ளுங்கள், போதுமானதாக இருந்தால் 55 வரை இறக்கிப் பாருங்கள். கேஸில் 6 முதல் 8 சதவீதம் வரை மிச்சமாகும். செலவு ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இது காம்பிக்குச் சொன்னது. வீட்டில் தனியாக வெந்நீர்ச் சிலிண்டர் இருந்தால் அதற்குள் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும், இல்லையென்றால் லெஜியோனெல்லா கிருமி வளரும். அந்த வீடுகளில் பாய்லரை 65க்குக் கீழே இறக்காதீர்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): நூறு வருடத்துக்கு மேல் பழைய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டியது). ஹீட்டிங் ஓடும்போதே கால் சில்லிடுகிறது. டபுள் கிளேசிங் எல்லாம் இருக்கிறது.

பதில்: காற்று எங்கோ நுழைகிறது. கண்டுபிடிக்கும் கருவி உங்கள் சாமி அறையிலேயே இருக்கிறது. காற்றடிக்கும் ஒரு நாள் சாயங்காலம், ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் அந்த இடம் சரி. வளைந்து அலைந்தால் ஓட்டை இருக்கிறது. வாசல் கதவின் அடி, லெட்டர்பாக்ஸ், சாவித் துவாரம், சுவரும் தரையும் சேரும் ஸ்கர்ட்டிங் பலகையின் அடி, சிங்க்குக் கீழே குழாய் வெளியே போகும் துளை, லாஃப்ட் (கூரைக்கு அடியில் உள்ள இடம்) மூடி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழாய்த் துளைகளைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருப்பதை வாரம் ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன். கிச்சன் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

கதவுக்கு பிரஷ் பட்டை, ஜன்னலுக்கு ஒட்டும் நுரைப் பட்டை, ஸ்கர்ட்டிங் இடுக்குக்கு சீலன்ட். எல்லாம் வீட்டு வேலைச் சாமான் விற்கும் டிஐஒய் கடையில் கிடைக்கும், ஒரு சனிக்கிழமை வேலை. பயன்படுத்தாத கணப்பு இருந்தால் அதன் புகைபோக்கிதான் வீட்டிலேயே பெரிய ஓட்டை. அதற்கென்றே ஊதி அடைக்கும் பலூனும், கம்பளி அடைப்பும் விற்கிறார்கள். அடைத்ததைப் பற்றி ஒரு சீட்டு எழுதிக் கணப்பின் முன்னால் தொங்கவிடுங்கள். பின்னால் யாராவது தெரியாமல் நெருப்பு மூட்டிவிடக் கூடாது.

இரண்டு இடங்களை மட்டும் அடைக்கவே கூடாது. வெளிச்சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஏர் பிரிக் மரத்தரைக்குக் கீழே காற்றோட்டத்துக்காக வைத்தது, அடைத்தால் மரம் உளுத்துப்போகும். கேஸ் ஃபயர் எரியும் அறையில் சுவரில் வைத்திருக்கும் காற்றுத் துளையும் அப்படித்தான். அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அலாரம் இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்குங்கள்.

கேள்வி (க்ராய்டன்): யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். நாங்கள் வேலைக்குப் போனதும் அப்பா தெர்மோஸ்டாட்டை 26க்கு ஏற்றிவிடுகிறார். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

பதில்: அப்பாவைக் குறை சொல்ல முடியாது. முப்பது டிகிரியிலேயே வாழ்ந்த உடம்பு. வயதானவர்கள் இருக்கும் வீட்டை 18க்குக் கீழே விடவே கூடாது, 21 வரை தாராளமாக வையுங்கள். ஆனால் 26 வைத்தால் வீடு சீக்கிரம் சூடாகிவிடும் என்று அவர் நினைத்தால் அது நடக்காது. அதே வேகத்தில்தான் ஏறும், 21இல் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு டிகிரி இறக்கினால் ஹீட்டிங் செலவில் பத்தில் ஒரு பங்கு வரை குறையும் என்பார்கள். 26க்கும் 21க்கும் இடையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்கே உட்கார்கிறார் என்று பாருங்கள். வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால், அறைக்காற்று 22 டிகிரி இருந்தாலும் உடம்பு சூட்டைக் குளிர்ந்த கண்ணாடி இழுத்துக்கொண்டே இருக்கும். நாற்காலியை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். லாமினேட் தரையானால் காலடியில் தடித்த விரிப்பு போடுங்கள். ஹீட்டட் த்ரோ என்று மின்போர்வை ஒன்று விற்கிறது, சுமார் 100 வாட். மடியில் போட்டுக்கொண்டால் மணிக்கு மூன்று பென்ஸ்கூட ஆகாது. நீங்கள் சொல்லிக் கேட்காதவர், அந்தப் போர்வை கிடைத்ததும் தெர்மோஸ்டாட் பக்கமே போக மாட்டார்.

கேள்வி (லூயிஷம்): நாங்கள் இருப்பது கவுன்சில் (உள்ளாட்சி) வாடகைக்குத் தரும் ஃப்ளாட். படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் பூஞ்சை. என்னதான் செய்வது?

பதில்: முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சோறு வடிப்பது, இட்லிப் பானை, ரேடியேட்டர் மேல் துணி காயப்போடுவது, இந்த மூன்றும் முக்கியம். ஒரு வாஷிங் மெஷின் அளவு ஈரத்துணி காயும்போது சுமார் இரண்டு லிட்டர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கிறது. அது போய்ப் படிவது வீட்டிலேயே குளிர்ந்த சுவரில்.

அடுப்புக்கு மேலே இருக்கும் ஹுட் உண்மையில் காற்றை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். ஃப்ளாட்களில் பாதிக்கு மேல் வெறும் கரி ஃபில்டர் வழியாகக் காற்றைச் சுற்றித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகைதான் நான் பார்க்கிறேன். ஓடும்போது மேல்பக்கம் கையை வைத்தால் காற்று கையில் அடிக்கும். அந்த வகை வாசனையைக் குறைக்கும், நீராவியைத் தொடாது. அப்படியானால் சமைக்கும்போது கிச்சன் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள், முடிந்ததும் பத்து நிமிடத்தில் மூடிவிடலாம். பத்து நிமிடத்தில் காற்று மாறும், சுவர்கள் ஆறிவிடாது. துணியை ஒரே அறையில் காயப்போட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் ஓடவிடுங்கள். 200 வாட் இயந்திரம் மணிக்கு ஐந்து பென்ஸ் சாப்பிடும். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். படுக்கையறை ஹீட்டிங்கை மட்டும் மிச்சம் பிடிக்கிறேன் என்று முழுக்க அணைக்காதீர்கள், வீட்டு ஈரமெல்லாம் அங்கே போய்ச் சேரும்.

இவ்வளவும் செய்தும் பூஞ்சை வந்தால், அல்லது மேலிருந்து, பக்கத்திலிருந்து கசிவு இருந்தால், எழுத்தில் புகார் கொடுங்கள். இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த அவாப் சட்டப்படி, உடல்நலத்துக்குக் கேடு தரக்கூடிய ஈரம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் கவுன்சிலோ ஹவுசிங் அசோசியேஷனோ பத்து வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ‘நீங்கள் சமைப்பதால்தான்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

கேள்வி (லெஸ்டர்): விளம்பரத்தில் ஒரு மினி ஹீட்டர் வருகிறது. குறைந்த கரண்ட், பெரிய அறையே சூடாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 50 பவுண்ட் ஹீட்டரோ 300 பவுண்ட் ஹீட்டரோ, ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். 500 வாட் பெட்டி 500 வாட் அளவுக்குத்தான் சூடாக்கும்.

கேள்வி (வெம்பிளி): ‘ப்ரைஸ் கேப்’ என்கிற விலை உச்சவரம்பு இருக்கும்போது எனக்கு எப்படி அதைவிட அதிகமாக பில் வந்தது?

பதில்: உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான், மொத்த பில்லுக்கு இல்லை. செய்தியில் சொல்லும் தொகை ஒரு சராசரி வீட்டுக்கான கணக்கு. அதிகம் எரித்தால் அதிகம் வரும்.

கேள்வி (கவென்ட்ரி): வீட்டு வாசலுக்கு வந்து, கூரைக்கு ஃபோம் ஸ்பிரே அடித்துத் தருகிறோம், அரசாங்கத் திட்டம் என்கிறார்கள். லாஃப்டில் இப்போது இருப்பது மெல்லிய பழைய பஞ்சுதான்.

பதில்: கதவைச் சாத்துங்கள். கூரைச் சட்டத்தில் ஃபோம் அடித்த வீட்டுக்கு மார்ட்கேஜ் தர மறுக்கும் வங்கிகள் நிறைய. விற்கும்போதுதான் தெரியவரும், எடுக்க ஆயிரக்கணக்கில் செலவாகும்.

உங்களுக்கு வேண்டியது சாதாரண மினரல் வுல் பஞ்சு ரோல். மொத்தம் 270 மில்லிமீட்டர்: மரச்சட்டங்களுக்கு நடுவே 100, அதன் மேல் குறுக்காக 170. கூரை இறங்கும் ஓரத்தில் காற்று வர இடைவெளி விடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே போடாதீர்கள், தொட்டி உறைந்துவிடும். லாஃப்ட் மூடியின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். பலகை போட்டுப் பெட்டிகளை அடுக்க நினைத்தால் பலகையை உயர்த்தும் கால்கள் வாங்குங்கள், நசுங்கிய பஞ்சுக்குப் பலன் குறைவு. இன்சுலேஷன் இல்லாத வீட்டில் கால்வாசி வெப்பம் கூரை வழியாகத்தான் போகிறது.

சுவர் வழியாகப் போவது இன்னும் அதிகம், மூன்றில் ஒரு பங்கு. வெளியே நின்று செங்கலைப் பாருங்கள். எல்லாம் நீளவாக்கில் இருந்தால் நடுவில் வெற்றிடம் உள்ள இரட்டைச் சுவர். நீளமும் குட்டையும் மாறி மாறி வந்தால் ஒற்றைக் கட்டுச் சுவர், பஞ்சு நிரப்ப இடமே இல்லை. பூசிய சுவரானால் ஜன்னல் பக்கம் கனத்தை அளந்து பாருங்கள், 260 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இரட்டைச் சுவர். கலவைக் கோடுகளில் வரிசையாகச் சின்ன வட்டங்கள் அடைத்த அடையாளம் தெரிந்தால் ஏற்கெனவே நிரப்பிவிட்டார்கள்.

கேள்வி (ரெடிங்): அரசு 7,500 பவுண்ட் தருகிறதே, ஹீட் பம்ப் போடலாமா?

பதில்: பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் என்றால் பொறுங்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் பம்பில் ஒரு யூனிட் வெப்பம் கிட்டத்தட்ட 9 பென்ஸ். நல்ல கேஸ் பாய்லரில் 7 பென்ஸுக்குள். நான்கு யூனிட் தருமளவு நன்றாக வடிவமைத்தால், அல்லது ஹீட் பம்புக்கென்று உள்ள மலிவு டாரிஃப் எடுத்தால் கணக்கு மாறும். கேஸ் அடுப்பையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றிவிட்டால் கேஸின் தினக் கட்டணம் வருடத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் மிச்சம். தோசைக்கல்லை மாற்ற வீட்டில் சம்மதம் கிடைக்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். காம்பி பாய்லரானால் ரேடியேட்டர் குமிழை 50 டிகிரியில் வைத்து ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள். வீடு சூடாக இருந்தால் ஹீட் பம்புக்கும் உங்கள் ரேடியேட்டர்கள் போதும்.

கேள்வி (லூட்டன்): நேற்று உறைபனி. காலையில் பாய்லர் களக் களக் என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஆளைக் கூப்பிட்டால் கூப்பிட்டதற்கே காசு கேட்கிறார்கள்.

பதில்: பாய்லரிலிருந்து வெளியே போகும் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். கண்டென்ஸ் ஆன தண்ணீர் போகும் வழி அது. தரையில் நின்று கை எட்டும் உயரத்தில் இருந்தால் மட்டும் நீங்களே செய்யலாம். வளைவுகளின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். உருகியதும் பாய்லரில் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். அடுத்த குளிருக்குள் குழாயின் வெளிப்பகுதிக்கு நுரை உறை போட்டுவிடுங்கள். உருகிய பிறகும் பற்றவில்லையென்றால் மூடியைக் கழற்றாதீர்கள், கேஸ் வேலைக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு உள்ள ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.