போப்பின் பெட்டியும் விருந்தினர் பட்டியலும்

கேள்வி: எளிமையாக அடக்கம் செய்யுங்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போன போப் பிரான்சிசுக்கு, அரசர்களும் அதிபர்களும் புடைசூழ இறுதிச் சடங்கு நடத்தியது அவருடைய விருப்பத்துக்கே விரோதம் இல்லையா? போப் இறந்ததும் வெள்ளிச் சுத்தியலால் நெற்றியில் மூன்று முறை தட்டிப் பார்ப்பார்களாமே, அதையாவது நிறுத்தினார்களா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: சுத்தியலை முதலில் முடித்துவிடுவோம். ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்து, நெற்றியில் தட்டிப் பார்க்கும் காட்சி கதைகளில் நன்றாக இருக்கும். இன்று நடைமுறையில் உள்ள சடங்கு நூலில் அப்படி ஒரு வரிகூட இல்லை. 2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள் காலை 7.35 மணிக்கு வத்திக்கானில் அவர் தங்கியிருந்த சாந்தா மார்த்தா விடுதியில் பிரான்சிஸ் இறந்தபோது, மற்ற மனிதர்களுக்குச் செய்வதைப் போல இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை வைத்துத்தான் மரணத்தை உறுதி செய்தார்கள். போப் அணியும் ‘மீனவர் மோதிரம்’ முற்காலத்தில் ஆவணங்களுக்கு முத்திரையாகப் பயன்பட்டது. அவர் இறந்தபின் அவர் பெயரில் யாரும் போலி ஆணை பிறப்பித்துவிடக் கூடாது என்பதற்காகக் கர்தினால்களின் முன்னிலையில் அதைச் சிதைக்கும் வழக்கம் வந்தது. மோதிரத்துக்கான சுத்தியலைத்தான் கதை சொன்னவர்கள் நெற்றிக்கு நகர்த்திவிட்டார்கள் என்பது என் ஊகம்.

இனி எளிமை. அரசர்களும் அதிபர்களும் வந்தது உண்மை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் வந்தார்கள், நம் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவும் போயிருந்தார். வத்திக்கான் ஒரு தனி நாடு, போப் அதன் தலைவர். ஒரு நாட்டின் தலைவர் இறந்தால் பிற நாட்டார் வருவார்கள், வராதீர்கள் என்று உயில் எழுதி வைக்க முடியாது. துக்க வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்பதை வைத்து இறந்தவரின் எளிமையை அளப்பது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. தன் கைக்குள் இருந்தவற்றில் அவர் எதை எதைக் குறைத்தார் என்று பார்ப்பதுதான் முறை. அப்படிப் பார்த்தால் அவர் நிறையவே குறைத்திருக்கிறார்.

போப்புகளின் இறுதிச் சடங்குக்கான நூலையே அவர் திருத்தி, 2024 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தார். அதற்கு முன்பு ஒரு போப்பின் உடல் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகளில் அடங்கும்: உள்ளே சைப்ரஸ் மரம், நடுவில் உலோகம், வெளியே கருவாலி போன்ற உறுதியான மரம். பிரான்சிசுக்கு உள்ளே துத்தநாகத் தகடு பொதிந்த ஒரே மரப்பெட்டி. 2005இல் இரண்டாம் ஜான் பாலின் உடலை உயர்ந்த மேடையில் சாய்த்து வைத்து மக்கள் பார்வைக்கு விட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இம்முறை மேடை இல்லை. திறந்த பெட்டிக்குள்ளேயே, தரைக்குச் சற்றே மேலே, உடல் கிடந்தது. மூன்று நாள்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வரிசையில் நின்று அதைப் பார்த்துச் சென்றார்கள்.

உடலைக் காட்சிக்கு வைப்பதில் ரோம் நகரம் ஒருமுறை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1958 அக்டோபரில் போப் பன்னிரண்டாம் பயஸ், ரோமுக்கு அருகே போப்புகளின் கோடைக்கால மாளிகை இருந்த கஸ்தெல் காண்டோல்போவில் இறந்தபோது, அவருடைய மருத்துவர் கலியாட்சி லிசி, தான் கண்டுபிடித்ததாகச் சொன்ன புது முறையில் எண்ணெய்களைப் பூசி, செலோபேன் தாளில் உடலைச் சுற்றிவைத்தார். உடல் கெடாமல் இருப்பதற்குப் பதிலாக வேகமாகக் கெட்டது. அருகில் காவல் நின்ற வீரர்கள் நாற்றம் தாங்க முடியாமல் தவித்தார்கள். போதாக்குறைக்கு அந்த மருத்துவர், போப்பின் கடைசி நேரப் படங்களைப் பத்திரிகைகளுக்கு விற்கவும் துணிந்தார். போப் நோயுற்றுக் கிடக்கும்போதும் இறந்த பின்பும் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்று இரண்டாம் ஜான் பால் 1996இல் வெளியிட்ட சட்டம் கண்டிப்பாகச் சொல்வதைப் படிக்கும்போது, எனக்கு அந்த மருத்துவரின் நினைவுதான் வரும்.

சில பழைய வழக்கங்களை பிரான்சிசும் தொடவில்லை. ஏப்ரல் 25 இரவு பெட்டியை மூடுமுன் முகத்தில் வெண்பட்டுத் துணி போர்த்தினார்கள். அவர் காலத்தில் அச்சான நாணயங்களை ஒரு பையில் இட்டு உள்ளே வைத்தார்கள். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிய ஏட்டை உருளை ஒன்றில் அடைத்து உடன் வைத்தார்கள். எளிமை என்றால் எல்லாவற்றையும் துடைத்தெறிவது என்று அவர் நினைக்கவில்லை போலும்.

மறுநாள் புனித பேதுரு சதுக்கத்தில், 91 வயதான கர்தினால் ஜோவான்னி பத்திஸ்தா ரே தலைமையில் திருப்பலி முடிந்ததும், நீங்கள் குறிப்பிட்ட அரசர்களும் அதிபர்களும் விமானம் ஏறக் கிளம்பினார்கள். பெட்டி ரோம் நகரத்தின் வழியே அங்குள்ள மேரி மேஜர் பேராலயத்துக்குப் போனது. அங்கே படிக்கட்டில் கையில் வெள்ளை ரோஜாவுடன் காத்திருந்தவர்கள் சுமார் 40 பேர்: வீடற்றவர்கள், சிறைவாசம் கண்டவர்கள், அகதிகள், திருநங்கைகள். அதற்குப் பிறகு நடந்த அடக்கத்தை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை. 1903இல் இறந்த பதின்மூன்றாம் லியோவுக்குப் பிறகு வத்திக்கானுக்கு வெளியே கல்லறை அமைந்த முதல் போப் இவர்தான். கல்லறையை அமைக்கும் செலவைக்கூடத் திருச்சபையின் தலையில் கட்டாமல், கொடையாளர் ஒருவர் தந்த தொகையை அதற்கென அந்தப் பேராலயத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்திருப்பதாக 2022 ஜூன் 29 தேதியிட்ட உயிலில் எழுதியிருக்கிறார். மண்ணுக்குள் கல்லறை, தனி அலங்காரம் வேண்டாம், ‘பிரான்சிஸ்குஸ்’ என்ற லத்தீன் பெயர் ஒன்று மட்டும் போதும் என்பதும் அதே உயிலில் உள்ளது.

அப்படியே பெயரைக் கல்லில் வெட்டினார்கள். ஆனால் அந்தப் பெயரில் ‘ஏ’ எழுத்துக்கு இருபுறமும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்றும், பெயர் துண்டு துண்டாகத் தெரிகிறது என்றும் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் குறைப்பட்டார்கள். படத்தைப் பார்த்தேன், அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது.