பணவீக்கம் என்றால் என்ன? அது ஏன் வருகிறது?

தக்காளி விலை ஏறுவது மட்டும் பணவீக்கம் ஆகாது. கோலார், மதனப்பள்ளி பக்கம் மழை கெடுத்தால் கோயம்பேட்டில் விலை எகிறும். வரத்து சீரானதும் இறங்கிவிடும். பெரும்பாலான பொருள்கள், சேவைகளின் சராசரி விலை தொடர்ந்து ஏறினால்தான் பணவீக்கம்.

டீசல் விலை உயர்ந்து லாரி வாடகை வழியாக எல்லாவற்றிலும் ஏறுவது ஒரு காரணம். நீடித்த பணவீக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொன்று இருக்கும்: சரக்கு பெருகுவதைவிட, அதை வாங்க வரும் பணம் வேகமாகப் பெருகுவது. தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி ஒன்றே; டோக்கனை மட்டும் இரட்டிப்பாக்கினால் ஒரு டோக்கனுக்கு அரைக் குடம்தான்.

இந்தப் புதுப் பணம் பெரும்பாலும் அச்சகத்தில் பிறப்பதில்லை. வங்கி கடன் தரும்போது வாங்குபவர் கணக்கில் வரவு எழுதுகிறதே, அங்கேதான் பிறக்கிறது. அதனால்தான் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, உயர்த்திக் கடனை மட்டுப்படுத்துகிறது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். அதன் பணவீக்க இலக்கு ஆண்டுக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதம் வரை விலகலாம்.

‘பணவீக்கம் குறைந்தது’ என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல: 6 சதவீதத்தில் 100 ரூபாய்ச் சாமான் 106 ஆகும், மறுவருடம் 4 சதவீதமாகக் குறைந்தாலும் அது 110 ரூபாய் 24 காசு.