வாசனை மணல் வாங்கியும் நாற்றம் போகவில்லையே?

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு பூனை வளர்க்கிறோம். லாவெண்டர் வாசனை மணல், மேலே தூவும் பவுடர், மூடி போட்ட லிட்டர் பாக்ஸ் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) என்று ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டோம். இன்னமும் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிக்கிறார்கள். இனி எந்த பிராண்டு வாங்கலாம்?

பதில்: பிராண்டு இருக்கட்டும், முதலில் நாற்றம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்போம். பூனையின் சிறுநீர் வெளியேறிய உடனே அவ்வளவாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியாவாக மாற்றும்போதுதான் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி வருகிறது. போதாக்குறைக்குப் பூனைகளின் சிறுநீரில் ஃபெலினின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. அது சிதைந்தால் கந்தகம் கலந்த நாற்றம். கருத்தடை செய்யாத கடுவன் பூனையிடம் இது மிக அதிகம். உங்களுடையது அப்படியென்றால் முதல் செலவை அறுவை சிகிச்சைக்கே செய்யுங்கள்.

இந்த மாற்றம் நடக்க ஈரமும் நேரமும் வேண்டும். அந்த இரண்டையும் குறைக்கும் பொருள்தான் காசுக்குப் பிரயோஜனம். நீங்கள் இதுவரை வாங்கிய மூன்றில் எதுவும் அதைச் செய்யவில்லை. லாவெண்டர் அம்மோனியாவை அழிப்பதில்லை. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம்தான் மிச்சம். பூனையின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. நமக்கே தூக்கலாகத் தெரியும் சென்ட் அதற்கு எப்படி இருக்கும்? பிடிக்கவில்லையென்றால் பெட்டியை விட்டுவிட்டு சோபாவுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொள்ளும். மூடியும் அப்படித்தான். நம் மூக்குக்கு நாற்றத்தை மறைக்கும், உள்ளே போகும் பூனைக்குச் சேர்த்துவைத்துக் கொடுக்கும். முக்கியமாக, மூடி இருந்தால் உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நாமும் எட்டிப் பார்க்கமாட்டோம். கழற்றி வைத்துவிடுங்கள்.

பவுடர் பற்றி ஒரு வார்த்தை. அது பேக்கிங் சோடா வகையென்றால், கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் அம்மோனியாவே காரத்தன்மை கொண்டது, சோடாவும் காரம். ஒன்றை ஒன்று எப்படி முறிக்கும்? சேர்த்தே ஆகவேண்டும் என்றால் ஜியோலைட் கலந்ததைப் பாருங்கள். அந்தக் கனிமம் அம்மோனியாவைப் பிடித்துவைக்கும்.

உண்மையில் வேலை செய்வது சிறுநீர் பட்டு மணல் இறுகிய கட்டிகளையும் மலத்தையும் தினமும் இரண்டு வேளை அள்ளுவதுதான். காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. இதை விற்க முடியாது என்பதால் எந்தப் பாக்கெட்டிலும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

கேள்வி: சரி, மணலில் எது நல்லது? பெண்டோனைட் களிமண், சிலிக்கா ஜெல், சோயாவில் செய்யும் தோஃபு, மரத்தூள் உருண்டை என்று கடையில் நான்கைந்து வகை இருக்கிறதே?

பதில்: நாற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு நன்றாகக் கட்டியாகும் பெண்டோனைட்டுக்கு. சிறுநீரை அப்படியே உருண்டையாகப் பிடித்துக்கொள்ளும், அள்ளி எடுத்தால் ஈரமும் கூடவே போய்விடும்.

ஆனால் எல்லா பெண்டோனைட்டும் ஒன்றல்ல. பெரிய மூட்டை வாங்கும் முன் சின்ன பாக்கெட் ஒன்று வாங்கி வீட்டில் சோதியுங்கள். ஒரு கிண்ணத்தில் நான்கு விரல் உயரத்துக்கு மணலைப் போட்டு, நடுவில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கரண்டியால் அடியோடு தூக்கிப் பாருங்கள். நல்ல மணல் முட்டை அளவு கட்டியாக முழுசாக வரும்; அதைச் சுற்றியுள்ள மணல் காய்ந்தே இருக்கும். மட்டமானது நடுவில் பிளந்து உதிரும், அல்லது கிண்ணத்தின் அடியில் சேறாக ஒட்டிக்கொள்ளும். அந்த உதிர்ந்த ஈரத் துணுக்குகள்தான் நாம் எத்தனை முறை அள்ளினாலும் பெட்டியிலேயே தங்கி நாறுபவை. சோதனையின்போதே தூசியையும் கவனித்துவிடுங்கள். கொட்டும்போது புகைபோல் எழும்பினால் வேண்டாம்.

பெட்டியில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். மிச்சம் பிடிக்கிறோம் என்று மெல்லியதாகப் பரப்பினால் சிறுநீர் நேரே அடித்தட்டுக்கு இறங்கிவிடும்.

சிலிக்கா கட்டியாகாது, ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். தினமும் கிளறிவிட்டால் நன்றாகவே உழைக்கும். ஒரு கட்டத்தில் நிறைந்துவிட்டால் ஒரே நாளில் கைவிடும். அப்போது மொத்தத்தையும் கொட்டத்தான் வேண்டும். தோஃபு எடை குறைவு, தூசி குறைவு, ஆனால் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கலாம். மர உருண்டை நனைந்தால் தூளாகிவிடும், அதற்குச் சல்லடைப் பெட்டி வேண்டும். விலையை ஒப்பிடும்போது கிலோ கணக்கை நம்பாதீர்கள். களிமண் கனம், சிலிக்கா லேசு. ஒரு பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பதுதான் கணக்கு.

கேள்வி: பெட்டியை பிளீச்சிங், பினாயில் போட்டுக் கழுவலாமா?

பதில்: இரண்டும் வேண்டவே வேண்டாம். அம்மோனியா ஊறிய பெட்டியில் பிளீச் பட்டால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். பினாயில் வகையறாவில் இருக்கும் ஃபீனால் பூனையின் உடலுக்கு ஆகாது. காலில் ஒட்டியதை அது நக்கியே சுத்தம் செய்யும். வெந்நீர், வாசனையில்லாத சோப்பு, நன்றாகக் காயவிடுவது, அவ்வளவே போதும். கட்டியாகும் மணலென்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை முழுசாகக் கொட்டிக் கழுவுங்கள்.

கழுவியும் காலிப் பெட்டி நாறுகிறதா? பிளாஸ்டிக்கில் நகக் கீறல்கள் நிறைந்திருக்கும். அவற்றுக்குள் இறங்கியதை எந்தச் சோப்பும் எடுக்காது. பெட்டியை மாற்றுங்கள், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு பெட்டி இருக்கவேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக வைப்பது பொதுவான வழக்கம்.

தரையிலோ மெத்தையிலோ சிந்திய இடத்துக்கு மட்டும், நாற்றம் தரும் கழிவைச் சிதைக்கும் நொதிகள் கலந்த என்சைம் கிளீனர் வாங்கலாம், அந்தச் செலவு தகும். ஊற்றியதும் துடைக்காமல், பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள்.

கேள்வி: எதையும் மாற்றவில்லை, ஆனால் திடீரென்று நாற்றம் கூடிவிட்டது. மணல் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: மணலைச் சந்தேகிக்கும் முன் பூனையைப் பாருங்கள். கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவோ அதிகமாகவோ இருந்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். மலம் மட்டும் நாறினால் புதிதாக மாற்றிய தீவனமோ குடல் புழுவோ காரணமாகலாம். கடுவன் பூனை பெட்டியில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் அது அவசரம், அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடலாம் என்று தோஃபு பாக்கெட்டில் போட்டிருக்கிறதே?

பதில்: மணல் கரையும் என்பது வரை சரி. ஆனால் பூனை மலத்தில், வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கலாம்; அவற்றைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முழுமையாக அழிப்பதில்லை. பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும் என்பதால், தினமும் அள்ளுவது இதற்கும் உதவும்.