மாஸ்டரிடம் கேளுங்கள்: நவுருவா, துவாலுவா?

கேள்வி: மாஸ்டர், பசிபிக் கடலில் நவுரு, துவாலு என்று இரண்டு குட்டி நாடுகள் இருக்கின்றனவே. குடும்பத்தோடு போய்க் குடியிருக்கச் சொன்னால் எங்கே போவீர்கள்? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: துவாலுவுக்குத்தான். வீட்டில் இதைச் சொன்னதும், “மூழ்கப்போகிற ஊருக்கா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

நவுரு 21 சதுர கிலோமீட்டர், துவாலு 26. இரண்டிலும் சனத்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம்தான். இரண்டிலும் அவுஸ்திரேலிய டொலர்தான் ஓடுகிறது.

நவுருவின் நடுவில் உரம் செய்ய உதவும் பொஸ்பேட் இருந்தது. 1968இல் சுதந்திரம் கிடைத்தபின், அதைத் தோண்டி விற்று 1970களில் ஆள்வீத வருமானத்தில் உலகப் பணக்காரர்களோடு நின்றார்கள். காசு சொந்த விமானங்கள், மெல்பேர்னில் மாடிக் கட்டடம் என்று கரைந்தது. தோண்டி முடித்த இடத்தில் சுண்ணாம்புக் கற்கள் ஊசி ஊசியாக நிற்கின்றன. ஆடு மேய்க்கக்கூட ஆகாது. சனம் கரையோரமாக ஒதுங்கி வாழ்கிறது. சாப்பாடு பெரும்பாலும் கப்பலில் வருவதுதான். நீரிழிவும் உடற்பருமனும் உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் அது ஒன்று. அடைக்கலம் தேடிப் படகில் போனவர்களை 2001 முதல் அவுஸ்திரேலியா அடைத்து வைத்ததும் அங்கேதான். நம் நாட்டுத் தமிழர்களும் அங்கே கிடந்தார்கள். அந்த முகாம் காசு அரசாங்கத்தையே தாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு அங்கே சோறு இறங்காது.

துவாலுவில் வசதி குறைவு என்பது உண்மை. ஆறு, ஓடை எதுவும் இல்லை. கூரையில் விழும் மழையைத் தாங்கியில் பிடித்துக் குடிக்கிறார்கள். 2011இல் மழை பொய்த்து அவசரநிலையே அறிவித்தார்கள். பீலித் தண்ணீரில் வளர்ந்த நமக்கு அது கஷ்டம்தான். குழி வெட்டி, இலைதழை போட்டு, சேம்பு மாதிரியான புலாகா கிழங்கு நடுகிறார்கள். கடல் பொங்கினால் உப்புநீர் அடியிலிருந்து ஊறிக் கிழங்கைக் கெடுத்துவிடும். ஆக உயரமான இடமே ஐந்து மீட்டருக்குள், கடல் மட்டமோ உயர்ந்துகொண்டே வருகிறது. அதனால்தான் 2023இல் செய்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் அவுஸ்திரேலியாவில் குடியேறலாம்.

அப்புறம் ஏன் துவாலு? அங்கே தோண்டி விற்க எதுவும் கிடைக்கவில்லை, அதனால் இருக்கிற துண்டு நிலம் குடும்பங்களின் கையில் முழுசாக இருக்கிறது. தலைநகர் புனாபுட்டியில் பிளேன் வராத மாலைகளில் ஓடுபாதைதான் மைதானம். சைரன் ஊதினால் எல்லோரும் விலகிவிட வேண்டும், அவ்வளவுதான். லயத்து வாசலில் பந்தடித்து அடுத்த வீட்டுக் குழம்புச் சட்டிக்குள் போட்ட என் பேரன்களுக்கு அந்த ஊர் சரிவரும்.

கேள்வி: அங்கே தேயிலை வளருமா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: வளராது. தேயிலைக்கு அமில மண் வேண்டும். அங்கே இருப்பது பவளப்பாறைச் சுண்ணாம்பு. போகிறவர்கள் இரண்டு கிலோ டஸ்ட் கையோடு கொண்டுபோங்கள்.