அண்ணாவின் தவணைக்குப் போகும் பாட்டுகள்

கேள்வி: லண்டனில் ஹவுஸ், டிஸ்கோ என்ற நடனப் பாட்டுகளுக்கு செஷன் பாடகியாக, அதாவது மற்றவர்கள் பாட்டுக்குக் கூலிக்குக் குரல் கொடுப்பவளாக, எட்டு வருடமாகப் பாடுகிறேன். வயது 34. வார இறுதியில் ஒரு டிஸ்கோ பேண்டோடு கல்யாண வரவேற்புகளிலும் பாடுவேன். செலவு போக வருடத்துக்கு 26,000 பவுண்டு நிற்கும். அண்ணாவின் டேக்அவே கடைக்காக என் பெயரில் 15,000 பவுண்டு லோன் எடுத்தேன். மாதம் 334 நான்தான் கட்டுகிறேன், இன்னும் 38 தவணை பாக்கி. இப்போது ஃப்ரீசர் வாங்க அதே லோனில் இன்னும் 5,000 டாப்-அப் எடுக்கச் சொல்கிறார். ஜனவரியில் வரி கட்டக் காசில்லை. வரப்போகும் ராயல்டியை டோக்கனாக, அதாவது இணையத்தில் பங்கு பங்காக, விற்கலாம் என்கிறது ஒரு ஆப், செய்யலாமா? மார்த்தா வாஷுக்கு நடந்தது எனக்கும் நடக்குமோ என்று பயம்.

பதில்: மார்த்தா வாஷ் கதை வேறு. 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி பாட்டில் குரல் அவருடையது, வீடியோவில் வாயசைத்தது இன்னொருவர், வழக்குப் போட்டுத்தான் தன் பெயரை வாங்கினார். அவரை ஏமாற்றினார்கள். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஆறு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் 400 பவுண்டு மொத்தமாகவா, இல்லை 150 பவுண்டும் எழுத்துரிமையில் (மெட்டும் வரியும் எழுதியவருக்குள்ள உரிமையில்) கால் பங்குமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆறுக்கும் தலா 400 போதும் என்றிருக்கிறீர்கள். தேதிகளைப் பாருங்கள், நாலு ஜனவரியில், இரண்டு தவணை நாளுக்கு முந்தின வாரம். கூடுதலாகக் கிடைத்தது 1,500 பவுண்டு, அதாவது அண்ணாவின் நாலரைத் தவணை. அதற்காக விட்டது உங்கள் ஆயுளும் அதற்கு மேல் 70 வருடமும் ஓடக்கூடிய உரிமை. எல்லாப் பாட்டும் ஓடாது, பெரும்பாலானவை மூன்று மாதத்தில் காணாமல் போகும், தெரியும். ஆனால் ஸ்பாடிஃபையில் ஒரு பாட்டு கோடி முறை ஓடினாலும், வெறும் செஷன் பாடகிக்கு அதில் ராயல்டி கிடையாது. மெட்டையும் வரியையும் போட்டவருக்கு உண்டு. நீங்கள் அதையும்தான் செய்கிறீர்கள், அந்தப் பங்கைத்தான் 250 பவுண்டுக்கு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அண்ணாவுக்குத் தருவது எங்கிருந்து வருகிறது? 26,000இல் வரியில்லாத 12,570 போக 13,430 மிச்சம். அதில் 20 சதவீத வரியும் 6 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 3,500. வருடத் தவணை 4,008. வரிக்கு ஒதுக்க வேண்டிய பணம் கடைக்குப் போகிறது, பள்ளத்தை நிரப்ப ஜனவரியில் பாட்டு போகிறது.

டாப்-அப் வேண்டவே வேண்டாம். தவணை 11 பவுண்டுதானே ஏறும் என்று அண்ணா சொல்லியிருப்பார். பாக்கி அசல் சுமார் 10,500, அதோடு 5,000 சேர்த்து மறுபடி 60 மாதம் என்றால் மாதம் 345, மொத்தம் 20,700. இப்போதைய 38 தவணையோ சுமார் 12,700இல் முடிந்துவிடும். 5,000 பவுண்டு ஃப்ரீசருக்கு நீங்கள் கொடுக்கும் விலை 8,000. பழைய லோன் உங்கள் பெயரில் இருப்பதால் நிறுத்த முடியாது. மாதா மாதம் 334 கடைக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவர் பேங்கில் ஸ்டேண்டிங் ஆர்டர் போடட்டும். முடியாது என்றால் 200க்காவது. இரண்டு வருடம் நடந்த கடையால் அதுவும் முடியாதென்றால், அந்தக் கடைக்கு ஃப்ரீசர் எதற்கு?

டோக்கன் பேச்சு எனக்கு எரிச்சலாக வருகிறது. விற்க உங்களிடம் என்ன இருக்கிறது? எழுத்துரிமையை விட்டுவிட்டீர்கள். ரேடியோவிலும் கிளப்பிலும் ஓடுவதற்கு பி.பி.எல். என்ற வசூல் சங்கம் வழியாகப் பாடியவர்களுக்கு வரும் பணத்துக்கான உரிமையை, வசூல் சங்கத்துக்கு அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க இந்த நாட்டுச் சட்டம் விடாது. ஆப்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்.

அந்த பி.பி.எல். கணக்கில்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. நாற்பதுக்கு மேல் பாடியிருக்கிறீர்கள், 11 பாட்டுக்குத்தான் உங்கள் பெயர் ஏறியிருக்கிறது. மீதியைத் தேடி ஒவ்வொன்றாக உரிமை கோருங்கள்; 400 பவுண்டு மொத்தமாக வாங்கியவற்றுக்கும் இது உண்டு. அப்புறம் அந்த ஆறில் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள், எது வெறும் வாட்ஸ்அப் பேச்சும் பேங்க் டிரான்ஸ்ஃபரும் என்று பிரித்து வையுங்கள். எழுத்துரிமை கைமாற இங்கே கையெழுத்திட்ட எழுத்து வேண்டும், ஆகவே சிலது இன்னும் உங்களிடமே இருக்கலாம். நான் வக்கீல் இல்லை. மியூசிஷியன்ஸ் யூனியனில் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டிய ஏழாவது பாட்டு ஒன்று இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். 150ம் கால் பங்கும் என்று சொல்லுங்கள். அண்ணாவிடம் அதற்கு முன்பே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் வியாழன் ராத்திரி மறுபடி 400க்கு மனசு போகும்.