பெருக்கமரமும் மூன்று பிழைகளும்

வணக்கம் சேர்,

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை (பேயோபாப்) பற்றி நீங்கள் எழுதியதை இரவு சாப்பிட்டபிறகு வீட்டில் வாசித்துக் காட்டினேன். "ஆபிரிக்காவில் இருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்" என்ற இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. மகன் தரம் 9. "அது முழுக்கப் பாலைவனம் எல்லோ, மரம் எப்பிடி வளரும்?" என்றான். இவர், "பாலைவனம் இல்லையடா, காடு. வெள்ளைக்காரன் போகமுதல் அங்க என்ன இருந்தது?" என்றார். நான், "பாவம், ஏழை நாடு" என்றேன். மூன்று பேரில் யார் சரி சேர்?

ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

*

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று பேரும் பிழை. கோபிக்க வேண்டாம். புவியியல் படிப்பித்த நானும் முதல் சில வருடங்கள் இந்த மூன்றையும் கலந்துதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

மகனில் தொடங்குகிறேன். இடம்பெயர்ந்து மரத்தடியில் வகுப்பு நடந்த காலத்தில் ஒருநாள் சகாராவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னுக்கு இருந்த சின்னவன் ஒருவன், "சேர், பாலைவனத்தில பாலைப்பழம் எப்ப பழுக்கும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனில் என்ன பிழை? வன்னிப் பிள்ளைக்குப் பாலை என்றால் உதட்டில் பால் ஒட்டும் அந்த மஞ்சள் பழம்தான். பாலைவனம் என்றால் பாலை மரம் நிறைந்த வனமாகத்தானே இருக்கவேண்டும்!

சகாரா ஏறக்குறைய 90 இலட்சம் சதுர கிலோமீற்றர். பெரிதுதான். ஆனால் ஆபிரிக்கா முழுவதும் 3 கோடிக்கு மேல். பாலைவனத்தைக் கழித்தபிறகும் பெரும்பங்கு மிச்சம். அதில் கொங்கோப் பக்கத்து மழைக்காடு ஒரு துண்டு. அதைவிடப் பரந்தது சவன்னா என்ற புல்வெளி. மழைக்காலம் ஒன்று, நீண்ட வரட்சிக்காலம் ஒன்று என்று மாறிமாறி வரும் நிலம். பெருக்கமரத்தின் வீடு அதுதான். மழையில் குடித்த தண்ணீரை அடிமரத்தில் வைத்துக்கொண்டு, வரட்சியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். மன்னார் வெயில் அதற்குப் புதிதாக இருந்திராது. குளிர் பிடிக்குமென்றால் எதியோப்பியாவுக்குப் போகலாம். நாங்கள் சுவெற்றர் கட்டிக்கொண்டு போகிற நுவரெலியா 1,868 மீற்றர். அடிஸ் அபாபா 2,300 மீற்றருக்கு மேலே இருக்கிற தலைநகரம். கிளிமஞ்சாரோ உச்சியில், 5,895 மீற்றரில், மத்தியகோட்டுக்குக் கிட்டவே பனிக்கட்டி கிடக்கிறது.

அந்த 3 கோடியைக் கண்ணால் பார்க்கமுடியாமல் செய்தது எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் உலகப்படம். மேர்க்கேற்றர் என்ற படவரைஞர் 1569 இல் கடலோடிகளுக்காக வரைந்த முறை அது. திசை பிசகாமல் கப்பல் விட அருமையான படம், ஆனால் துருவத்துக்குக் கிட்டப் போகப்போக நிலம் ஊதிப்பெருக்கும். அதில் கிரீன்லாந்தும் ஆபிரிக்காவும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். உண்மையில் பதினான்கு கிரீன்லாந்தை ஆபிரிக்காவுக்குள் போடலாம். சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். இதைச் சதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலுக்குக் கீறின படத்தைப் பள்ளிக்கூடத்தில் மாட்டினது எங்கள் சோம்பல். மகனிடம் ஒரு உலக உருண்டையைக் கொடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவர் கேட்ட கேள்விதான் என்னைக் குத்தியது, ஏனென்றால் அதே கேள்வியை எங்களைப் பார்த்தும் கேட்டிருக்கிறார்கள். வன்னி என்றால் காடு, காய்ச்சல், யானை என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதினார்கள். யாழ்ப்பாணத்து உறவுகளும் சம்பந்தம் பேசும்போது "வன்னிக் காடோ?" என்று இழுத்தார்கள். உங்களுக்குப் பக்கத்து முத்தையன்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டில் அதைத் திருத்தி எடுத்தபோது அது காட்டுக்குள் உடைந்து கிடந்த பழைய குளம். யாரோ நிலம் பார்த்து, மண் சுமந்து, கட்டுப் போட்டிருந்தார்கள். காடு பிறகு வந்தது. கச்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல் சொன்னது, 1803 ஒக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பதை மட்டும்தான். அதற்கு முன் வன்னியில் என்ன இருந்தது என்று அந்தக் கல்லைக் கேட்டால் தெரியுமா?

சிம்பாப்வேயில் இதைவிட மோசம். மகா சிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் மதில்கள் 11 மீற்றர் வரை நிற்கின்றன. சாந்து கிடையாது, கல்லின்மேல் கல். 11 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 15 ஆம் நூற்றாண்டு வரை அங்கே வாழ்ந்த ஆபிரிக்கரே கட்டியது. 1871 இல் அங்கே போன ஜேர்மானியர் ஒருவர், இது ஆபிரிக்கர் கட்டியதல்ல, பைபிளில் வரும் சேபா அரசியோடு சேர்ந்த இடம் என்று சொல்லிவிட்டார். 1929 இல் கேற்றன் தொம்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அகழ்ந்து பார்த்து, ஆபிரிக்கரின் வேலைதான் என்று எழுதினார். அதற்குப் பிறகும், அப்போது றொடீசியா என்று பெயர் கொண்டிருந்த அந்த நாட்டின் வெள்ளை அரசு அதை வெளிப்படையாகச் சொல்லவிடவில்லை. 1980 இல் விடுதலை கிடைத்தபோது அந்தக் கற்களின் பெயரையே நாட்டுக்கு வைத்தார்கள்.

எதியோப்பியாவுக்குச் சொந்த எழுத்து இருக்கிறது. அதில் ஒரு மெய்யெழுத்து, உயிரோடு சேரச்சேர உருவம் மாறும், எங்கள் க, கா, கி போல. அதே நாட்டுப் படை 1896 இல் அட்வாவில் இத்தாலியரை அடித்துத் துரத்தியது. 6 ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற வணிகர், இலங்கைக்குப் பாரசீகத்தில் இருந்தும் எதியோப்பியாவில் இருந்தும் கப்பல்கள் வருவதாக எழுதிவைத்திருக்கிறார். அவருடைய ஊர் அலெக்சாந்திரியா. அதுவும் ஆபிரிக்காவில்தான், ஆனால் எகிப்தை ஆபிரிக்காவோடு சேர்த்து நினைக்க எங்களுக்கு ஏனோ மனம் வருவதில்லை. வெள்ளைக்காரர் போக ஆயிரம் வருடம் முந்தி இது, வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக நீங்கள். ஆபிரிக்கா ஒரு நாடல்ல, ஐ.நா.வில் மட்டும் அங்கிருந்து 54 நாடுகள். வறுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. என் மச்சான் ஒருவர் வெளிநாடு போகிற வழியில் ஏஜென்சிக்காரன் விட்டுவிட்டுப் போனதால் ஐந்து மாதம் இடையில் நின்றவர். "ஆபிரிக்காவில நிண்டனான்" என்பார். எந்த நாடு என்று கேட்டால், "அதுதான், ஆபிரிக்கா" என்பார். ஒருநாள் சாப்பாட்டைப் பற்றிக் கதை வந்தது. பக்கத்து வீட்டு மனுசி பெரிய தட்டில் மீனும் மரக்கறியும் வைத்துச் சோறு அனுப்புவாவாம். "சோறு எங்கட குருணல் மாதிரி, உடைஞ்ச அரிசி" என்றார். அப்போதுதான் பிடிபட்டது, செனகல். அங்கே அரிசியை உடைத்ததாகத்தான் விரும்பிச் சமைப்பார்கள். நாங்கள் குருணலைக் கோழிக்குப் போடுகிறோம். ஐந்து மாதம் அந்த மனுசியின் கையால் சாப்பிட்டவர், நாட்டின் பெயரை என்னிடம்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்த மாதம் மன்னார் போகிறேன். காய் விழுந்திருந்தால் மகனுக்கு ஒன்று கொண்டுவருவேன். வெளிக்கோது வெல்வெற் போல இருக்கும், கத்தி ஏறாது, கல்லில் குத்தித்தான் உடைக்கவேண்டும். உள்ளே மாப்போல் வெள்ளையாகப் புளிப்பு. தின்றுவிட்டு விதையை எறியாமல் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் மண்ணில் முளைக்குதோ பார்ப்போம்.